குப்புராஜ் அடுக்கிய கோல்ஃப் பை

பொருள்களைக் கண்ட இடத்தில் போட்டு வைப்பது குப்புராஜுக்குப் பிடிக்காது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை மேலாளரின் கார் ஓட்டுநர் அவர். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில், மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள். அந்த வேலைக்கு ஒரு கீறல்கூட விழக்கூடாது என்கிற பயம் எப்போதும் உண்டு.

மேலாளர் வீரராகவன் ஞாயிறுதோறும் சென்னைக்குக் கோல்ஃப் ஆடப் போவார். அவருடைய பை குப்பைத்தொட்டி போலக் கிடந்தது. பந்து, பிஸ்கட், ஈரக் கையுறை எல்லாம் ஒரே அறையில். “இதை ஒரு வழி பண்ணுப்பா” என்று ஒருநாள் சொல்லிவிட்டார்.

எப்படி அடுக்குவது என்று சொல்லிக்கொடுத்தவர் பச்சையப்பன். மைதானத்தில் அந்தப் பையைத் தோளில் சுமந்து நடப்பவர். “நீள மட்டைய மேல் வரிசைல வையி. குட்டையெல்லாம் முன்னாடி. பந்து கனம், அத்தக் கீழ் அறைல போடு. பாரம் மேல இருந்தா தோள இழுக்குது குப்பு” என்றார். சுமப்பவர்களை ஆங்கிலத்தில் ‘கேடி’ என்று அழைப்பதை வைத்து மற்ற ஓட்டுநர்கள் கிண்டல் செய்வார்கள். குப்புராஜும் சேர்ந்து சிரித்ததுண்டு.

மழைக்காலம் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, பையை மொத்தமாகக் கொட்டித் துடைத்து மறுபடி அடுக்கினார். தூரம் பார்க்கும் கருவி ஒன்று உண்டு. கைக்கு அடக்கமானது, விலை அதிகம். நனையாமல் இருக்கட்டும் என்று அதைப் பையிலிருந்த மழைச்சட்டைக்குள் சுருட்டிப் பக்கவாட்டு அறையில் வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் வழக்கமான அறையில் கருவி இல்லை. ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்த வீரராகவன், “குப்பு, நீ எடுத்து வெளில வச்சியா?” என்று கேட்டார்.

“இல்ல சார், நேத்து பையிலதான் வச்சேன்.”

“அப்புறம் யாரு பையைத் தொட்டது?”

பதற்றத்தில் குப்புராஜுக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. வாய் திறக்காமல், பையைச் சுமந்து வந்து நின்ற பச்சையப்பனைப் பார்த்தார். வீரராகவனும் அதே பக்கம் பார்த்தார். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

செங்குன்றம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போட்ட கை அப்படியே நின்றது. மழைச்சட்டை! பின்னால் வீரராகவன் யாரிடமோ போனில், “பச்சையப்பன நல்ல ஆளுன்னுதான் நெனச்சேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது சொன்னால் தன்னையே சந்தேகப்படுவாரே என்று குப்புராஜ் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாளும் அதையே நினைத்தார். பாதிச் சோற்றோடு எழுந்தார். “உடம்புக்கு இன்னா?” என்று கேட்ட மனைவி மணியம்மாளிடம் எரிந்து விழுந்தார்.

அடுத்த ஞாயிறு பையை எடுக்க வேறொருவர் வந்தார். “பச்சையப்பன் வர்லியா?” என்று கேட்டார் குப்புராஜ்.

“திருட்டுப் பேரு வந்ததுலேர்ந்து அவர யாரும் கூப்புடறதில்லண்ணே. காக்களூர்ல ஏதோ கம்பெனில மூட்டை தூக்கினுகிறாராம்.”

குப்புராஜ் அங்கேயே பையைப் பிடுங்கி, மழைச்சட்டையை உதறி, கருவியை எடுத்து வீரராகவனிடம் நீட்டினார். “நான்தான் சார் வச்சேன். போன வாரம் வழிலயே நெனப்பு வந்துச்சி. பயந்துகினு சொல்லல.”

வீரராகவன் கருவியை வாங்கிக்கொண்டார். பிறகு, “நானும் ஒரு வார்த்தை விசாரிக்கலையே” என்றார். அன்று ஆடவில்லை. மறுநாள் வேலை நேரத்திலேயே காரைக் காக்களூருக்கு விடச் சொன்னார்.

கேட்டுக்கு வெளியே வந்த பச்சையப்பனின் கையைப் பிடித்து வீரராகவன் மன்னிப்புக் கேட்டார். திரும்ப வரும்படி அழைத்தார். “பரவால்ல சார். இந்த வேல போதும்” என்றார் பச்சையப்பன்.

குப்புராஜ் காரிலிருந்து இறங்கி, “அண்ணே, தப்புப் பண்ட்டேன்” என்றார்.

“மறந்துட்டது தப்பில்ல குப்பு. அன்னிக்கு என் மூஞ்சியப் பாத்த பாரு... ஊட்டுக்குப் போனா, என் பொண்டாட்டியும் ‘நெசமாவே நீ எடுக்கலியா’ன்னு கேட்டா.”

உள்ளேயிருந்து மேஸ்திரி கூப்பிட்டார். பச்சையப்பன் வீரராகவனுக்கு மட்டும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனார்.