சீல் வைத்த பீருக்குக் காவல்

நான் பீர் கம்பெனியில் வேலை பார்த்ததை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேணிகுண்டா பக்கம் ஒரு கம்பெனி என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நகரிக்குப் பக்கத்து ஊரில் கரும்பு வெட்டவும் வேர்க்கடலை பிடுங்கவும் போகிற குடும்பம் எங்களுடையது. சொந்தமாக ஒரு காணி கிடையாது. நான் திருப்பதியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்த சமயம், எங்கே பார்த்தாலும் வெளிநாட்டு மிஷின், வெளிநாட்டு முதலீடு என்ற பேச்சு. அந்தச் சூட்டில் எழும்பிய தொழிற்சாலைகளில் அதுவும் ஒன்று.

சேர்ந்த முதல் வாரம், பீர் காய்ச்சுவதற்குப் பொறுப்பான தலைமை ப்ரூவர் ஒரு டம்ளரில் இன்னும் பக்குவமாகாத பீரைப் பிடித்துக் கொடுத்து என்ன வாசனை வருகிறது என்று கேட்டார். வேகவைத்த மக்காச்சோளம் என்றேன். அது பீரில் இருக்கக்கூடாத குறை என்றும், அதைப் பிடிக்கவே சிலருக்கு ஒரு வருஷம் ஆகும் என்றும் சொல்லிச் சிரித்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். குடிப்பதில் எனக்குப் பெரிய ஆசை இல்லை. முளைகட்டிய பார்லியான மால்ட்டை வேகவைத்த தண்ணீர் ஈஸ்ட்டைத் தொட்டதும் உயிர் வந்து நுரைப்பதையும், பிறகு குளிரில் வாரக்கணக்கில் அடங்கித் தெளிவதையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அதே மாதங்களில் என் அம்மா ஊர்ப் பெண்களோடு சேர்ந்து சாராயத்தை எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். நைனா கூலியில் பாதியைச் சாராய பாக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்து அடிக்கிற ஆள். பாக்கெட் ஏற்றிவந்த வண்டியை மறித்த கூட்டத்தில் அம்மாதான் முன்னால் நின்றாள் என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சாராயம் நின்றது. அதற்கப்புறம் மாநிலம் முழுக்க மதுவிலக்கு வந்தது. பீரும் அதில் அடக்கம்.

எக்சைஸ் ஆபீசர்கள் ஜீப்பில் வந்தபோது எட்டு டேங்க்கிலும் பீர் நிறைந்திருந்தது. ஒவ்வொரு வால்விலும் கம்பி சுற்றி அரக்கு வைத்தார்கள். கம்பெனி கோர்ட்டுக்குப் போயிருந்ததால், தீர்ப்பு வரும்வரை பீரை வெளியே அனுப்பவும் கூடாது, கீழே கொட்டவும் கூடாது. குளிர் குறைந்தால் உள்ளே அழுத்தம் ஏறும் என்பதால் கம்ப்ரெசர் மட்டும் ஓடவேண்டும். அன்று டேங்க் அறைப் பொறுப்பு என்னிடம் இருந்தது. பட்டியலில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். காகிதத்தை மடித்துக்கொண்டே அந்த ஆபீசர், “நுவ்வே பாத்யுடிவி” என்றார். பொறுப்பாளி நான்தான், சீல் ஒன்று உடைந்தாலும் கேஸ் என் மேல் என்பது அதற்கு அர்த்தம்.

தலைமை ப்ரூவர் கோவாவுக்கு வேலை தேடிப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கம்ப்ரெசர் ஓட்டுகிறவர் முறை வைத்து வீட்டுக்குப் போய்வந்தார். நான் கேட்டைத் தாண்ட முடியாது. காவலுக்கு இருந்த எக்சைஸ் கான்ஸ்டபிள் முன்னால் ஒரு நாளைக்கு மூன்று தடவை ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடவேண்டும். என் இடத்தில் வேறு ஒருவர் எழுதிக்கொடுத்தால் வெளியே போகலாம் என்றார்கள். எவன் எழுதிக்கொடுப்பான்?

பகலெல்லாம் டேங்க்குகளுக்கு நடுவில் நடப்பேன். ரேணிகுண்டா ஜங்ஷனில் எஞ்சின் ஊதுவது கேட்கும். கூடப் படித்தவர்கள் பெங்களூருக்கும் மெட்ராசுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். நான் டேங்க்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நாள் எண்ணினேன். ஆறாவது வாரம் ஒரு வியாழக்கிழமை பீர் சரியான பக்குவத்துக்கு வந்துவிட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வாயில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வழியில்லை. இனி ஒவ்வொரு நாளும் அது இறங்குமுகம்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பதுபோல் இருந்தது.

தங்கச்சி கல்யாணம் புத்தூரில் நடந்தது. இரண்டு நாள் அனுமதி கேட்டு எழுதினேன். பதிலே வரவில்லை. கல்யாணம் முடிந்த நாலாம் நாள் அம்மா பஸ் ஏறி வந்தாள். கான்ஸ்டபிள் அவளை உள்ளே விடவில்லை. கேட் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல் மட்டும் போட்டுக்கொடுத்தார். தூக்குச்சட்டியில் களியும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. கல்யாணத்தில் யார் வந்தார்கள், யார் கோபித்துக்கொண்டார்கள் என்றெல்லாம் சொன்னாள். நைனா பஸ் பிடித்துத் தமிழ்நாட்டுப் பக்கம் போய்க் குடித்துவிட்டு வருவதாகச் சொன்னாள். பிறகு கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாராயத்த மூடுன்னு தான் கத்திக்கினு போனோம்,” என்றாள். “உன்ன உள்ள வெச்சிப் பூட்டுவாங்கன்னு யாருடா கண்டா?”

“நீ செஞ்சது தப்பில்லம்மா.”

“தப்புன்னு நான் சொல்லல. துன்னு.”

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸுக்குப் போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் போய் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன்.

சித்திரை வெயிலில் டிரான்ஸ்பார்மர் எரிந்து கரண்ட் போனது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. முதல் நாள் சமாளித்தோம். இரண்டாம் நாள் மதியம் டேங்க் சூடேறிப் பாதுகாப்பு வால்வுகள் ஒவ்வொன்றாகச் சீறின. மூன்றாவது டேங்க்கின் தலையிலிருந்து நுரை கொட்டி, சுவர் வழியாகத் தரையில் ஓடியது. நான் முட்டிபோட்டு, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். அதுவே ஒரு குற்றம். நிமிர்ந்தால் கான்ஸ்டபிள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று தெலுங்கில் கேட்டார். கெட்டுவிட்டது என்றேன். ஈஸ்ட் செத்து, கறி வெந்து நாள்பட்ட வாசனை. வாயைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் அதை எங்கும் எழுதவில்லை. டேங்க் வெடிக்கும் அபாயம் என்று மட்டும் அன்றே மேலிடத்துக்கு எழுதினார். அதற்குப் பிறகுதான் கொட்டுவதற்கு உத்தரவு வந்தது. எட்டு டேங்க்கும் காலியாக இரண்டு நாள் பிடித்தது. வால்வுகளைத் திறந்தது நான்தான்.

அடுத்த வாரமே சித்தூர் வழியாகப் பெங்களூருக்கு பஸ் ஏறினேன். ஒரு பப்பில் டேங்க் கழுவும் வேலையில் தொடங்கி, பல வருஷம் கழித்து அங்கே, பீரைத் தாங்களே காய்ச்சி விற்கிற புரூபப்புகள் பெருகியபோது ப்ரூவராகவே ஆனேன். லீவு நாளில் மற்ற புரூபப்புகளுக்குப் போய்வருவேன். கிராம்பும் வாழைப்பழமும் மணக்கிற கோதுமை பீர் எங்கே ஒழுங்காக வரும், கேழ்வரகு போடுகிறேன் என்று எங்கே மாவுத்தண்ணி ஊற்றுவார்கள் என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் நண்பர்கள் கிளம்புவார்கள். மொட்டைமாடியில் இருக்கிற இடமென்றால் மணிக்கணக்கில் உட்காருவேன். பேஸ்மென்ட்டில் இருந்தால், பீர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒரு டம்ளரோடு எழுந்துவிடுவேன்.

மதுவிலக்கு சில வருஷத்தில் தளர்ந்தது. ஊர் முனையில் பிராந்திக் கடை வந்தபோது அம்மா மறுபடியும் ரோட்டில் போய் உட்கார்ந்தாள். அந்தத் தடவை அவளோடு நாலைந்து பேர்தான் இருந்தார்கள், கடை மூடவில்லை. ரேணிகுண்டா தொழிற்சாலையைப் புது முதலாளி வாங்கி, பழைய ஆட்களைக் கூப்பிட்டார். எனக்கும் கடிதம் வந்தது. நல்ல வேலை, வீட்டுக்கும் பக்கம். போய்ப் பார்க்கலாம் என்று ரேணிகுண்டாவரை போனேன். ஸ்டேஷனில் ஒரு டீ குடித்தேன். அங்கிருந்தே அடுத்த வண்டியில் பெங்களூருக்குத் திரும்பினேன். அம்மாவிடம் போனில் சொன்னபோது, சரி, பொங்கலுக்கு வா என்றாள்.