எலுமிச்சை மணத்த விரல்கள்

மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கணவர் உயிரோடு இல்லை. ஒன்பது வயது மகள் செல்வியை நானுஓயாப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் என் தங்கையிடம் விட்டிருந்தேன். கூடப்பிறந்தவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

ஞாயிறுதோறும் அழைத்து வருவாள். செல்விக்குப் பூப்போட்ட கவுன், எண்ணெய் பூசிய ஜடை. விரல்களில் எலுமிச்சை மணக்கும்.

"பள்ளிக்கூடம் போறியா?" என்று பிள்ளையைக் கேட்டால், தங்கை முந்திக்கொண்டு, "படிப்புல கெட்டிக்காரிக்கா" என்பாள். செல்வி தலையாட்டுவாள். பிள்ளையை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறாள் என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் பெருமை பேசினேன்.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்றே யாரிடமும் சொல்லாமல் தங்கையின் லயத்து வீட்டுக்குப் போனேன். வாசலில் அந்தப் பூப்போட்ட கவுனைப் போட்டுக்கொண்டு நின்றது தங்கையின் மகள். செல்வி மலையிலிருந்து கூடையோடு இறங்கி வந்தாள். விரலெல்லாம் கொழுந்துக் கறை, கன்னங்கரேலென்று. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, கூடமாட கொழுந்து கிள்ளக் கூட்டிப் போயிருக்கிறாள் தங்கை. திருவிழாவுக்கு முன்னால் நாங்களும் எலுமிச்சை தேய்த்துத்தானே இந்தக் கறையைப் போக்குவோம்!

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ அழுதா எலும்பு சேராதுன்னு சித்தி சொன்னாங்கம்மா."

அடித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். பிள்ளை என்மேல் வைத்த பாசத்தையே அதன் வாய்க்குப் பூட்டாக்கிவிட்டாள், பாவி.

இப்போது எங்கள் லயத்தில் சொந்தக்காரரிடம் விட்ட பிள்ளைகள் வளரும் வீடுகளுக்கு, வேலை நாளில் சொல்லாமல்தான் போகிறேன். பிள்ளையிடம் தனியாகப் பேசுகிறேன். முதலில் விரலைப் பார்க்கிறேன். சுத்தமாக இருந்தால், முகர்ந்தும் பார்க்கிறேன்.