மயில்வாகனம் தேடாத இடம்

பிள்ளையார்பாளையத்தில் மயில்வாகனத்தின் வீட்டுக்குப் பால் ஊற்றியவர் யாரும் நான்கு மாதத்துக்கு மேல் நிலைத்ததில்லை. சொம்பில் விழுந்த பாலில் ஒரு சொட்டெடுத்து நகத்தின் மேல் வைத்து, வழிகிறதா நிற்கிறதா என்று தெருவிலேயே நின்று பார்ப்பார். நின்றால் இன்னொரு சொட்டு வைப்பார். முதல் சொட்டு ஏமாற்றியிருக்கலாம் அல்லவா? கோயிலில் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதற்குள் இரண்டு தரம் திரும்பி வாசலில் விட்ட செருப்பைப் பார்ப்பார். தாலி கட்டும்போதே பெண்ணை மாற்றிவிட்டார்களோ என்று மாலையை விலக்கிப் பார்த்தாராம். அவர் மனைவி இந்திராணி இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்காமல்தான் சொல்வாள்.

மற்றபடி அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. தரையோடு தரையாக இருக்கும் தறியில், கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டால் அந்தக் கைகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அறுபத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம் ஒரு முகூர்த்தப் புடவை ஏற்றியிருந்தார். அரக்கு நிற உடல், பச்சைக் கரை. குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடா உடலுக்கு ஒன்று, கரைக்கு வேறொன்று என்று நெய்கிற கோர்வைப் புடவை அது. ஓர் ஆளால் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும்.

அந்த வேலையை ஆறு வருஷமாகச் செய்து வந்தவள் வடிவு. கணவன் போன மறுமாதம் வந்து உட்கார்ந்தவள். கைசுத்தக்காரி என்ற பேர் ஒன்றுதான் அவளுக்கிருந்த சொத்து. பட்டு நூல் புழங்கும் வீடுகளில் அந்தப் பேர் போய்விட்டால் அப்புறம் ஒருவரும் வாசலில் சேர்க்கமாட்டார்கள். மயில்வாகனத்தின் கண் எங்கே போகும் என்பது அவளுக்குத் தெரியும். சாயங்காலம் எழுந்ததும், மடியில் நூல் எதுவுமில்லை என்று அவரே பார்க்கும்படி முந்தானையை ஒரு தரம் உதறிவிட்டு, "வரேண்ணா" என்று சிரித்துக்கொண்டே போவாள்.

வீட்டில் ஒரு பூனையும் இருந்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் தடவிய அரிசிக் கஞ்சிக்கு ஆசைப்பட்டு எலி நூலைக் கடித்துவிடும் என்பதால்தான் அதை உள்ளே விட்டார். இந்திராணி அதற்குச் சிட்டு என்று பேர் வைத்தாள். ஒரு வருஷமாகியும் சிட்டு வாயில் எலியை யாரும் பார்த்ததில்லை. எலியும் காணோம். இரண்டு தரப்புக்கும் ஏதோ உள்பேச்சு நடந்திருக்கிறது என்று மயில்வாகனம் முடிவு கட்டினார்.

அந்தச் சிட்டு தறிக்குழிக்குள், மிதிப்பலகைக்குப் பின்னால் இருட்டு மூலையில் கிடந்த பழைய கோணியின் மேல் மூன்று குட்டி போட்டது. மூன்று வாரம் பொறுத்தார். ஒருநாள் கண் திறந்த குட்டி ஒன்று தட்டுத்தடுமாறி மேலே ஏறிப் பாவைப் பிடித்துத் தொங்கியதில் நாலு இழை அறுந்தது. வேவு பார்க்கத் தாய்தான் அனுப்பியிருக்கிறது என்றார். மறுநாள் காலை சிட்டு வெளியே போன நேரம் பார்த்து மூன்றையும் பையில் போட்டு, சைக்கிளை மிதித்து, வேகவதி ஆற்றங்கரை மண்டபத்தில் விட்டுவிட்டு வந்தார்.

"குட்டிங்க எங்க?" என்று இந்திராணி கேட்டபோது நிமிராமலே பதில் சொன்னார்.

"பூனைன்னா குட்டிய ஏழு வூடு மாத்தும்னு தெரியாதா? மாத்திட்டுது."

உலகத்தையே நம்பாதவர் சொன்னதை அவள் உடனே நம்பினாள். சிட்டு இரண்டு நாள் வீடு முழுக்கக் கத்திக்கொண்டு திரிந்தது. மூன்றாம் நாள் அடங்கிவிட்டது. எதையெதையோ சந்தேகப்பட்ட மனிதர் அந்த அமைதியைச் சந்தேகப்படவில்லை.

அதே வாரம்தான் தார்கள் காணாமல் போகத் தொடங்கின. தார் என்பது நாடாவுக்குள் போடுகிற, விரல் நீளக் குச்சியில் சுற்றிய நூல். இந்திராணி தினமும் சுற்றி மூங்கில் தட்டில் வைப்பாள். புதன்கிழமை ஒன்று குறைந்தது. சனிக்கிழமைக்குள் நான்கு. எல்லாமே அரக்கு. ஒரே முழுக்கில் சாயம் ஏறிய நூல் அது. திரும்பச் சாயம் போட்டால் அதே நிறம் வராது, புடவையில் பட்டையாகக் காட்டிக் கொடுத்துவிடும். கல்யாணமோ ஆவணியில்.

முதலில் இந்திராணியைச் சந்தேகப்பட்டார். அவள் பார்த்த பார்வையில் அது அரை நாளில் தீர்ந்தது. பிறகு கோயில் குரங்குகள். அரிசிக் குதிருக்குள் கைவிட்டுத் துழாவினார், சாமி படங்களைத் திருப்பிப் பார்த்தார், ஏணி போட்டுக் கூரை ஓட்டைப் பிரித்தார். எங்கும் இல்லை.

பிறகு கண் வடிவின் மேல் போய் நின்றது. போகாமல் என்ன செய்யும்? அவளும் அப்படித்தான் நடந்துகொண்டாள். அரை மணி முன்னதாகக் கிளம்பினாள். மூடி போட்ட கூடை ஒன்று புதிதாகக் கூட வந்தது. முந்தானையை உதறுவது நின்றே போயிற்று.

"கூடையில என்னாம்மா?"

"ஒண்ணுமில்லண்ணா. துணி."

துணி வைத்த கூடையை யாரும் அப்படி அலுங்காமல் தூக்கிப் போகமாட்டார்கள். அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்தவள் என்று நினைத்தபடி இரண்டு தரம் எழுந்து தட்டிலிருந்த தார்களை எண்ணினார்.

திங்கட்கிழமை ஆறாவது தாரும் போயிற்று. சாயங்காலம் வடிவு கூடையோடு வாசலில் இறங்கியதும் பின்னாலேயே வந்து வழியை மறித்தார். தெருவில் ஆட்கள் இருந்தார்கள். எதிர்வீட்டுக் கலியாணசுந்தரம் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து வந்தார்.

"தொற கூடைய."

"வேணாண்ணா. தெருவுல நிக்க வெச்சிக் கேக்காத."

"மடியில கனம் இல்லன்னா தொறக்கறதுக்கு என்னா? ஆறு தாரு போயிருக்குது!"

அவள் திறக்கவில்லை. அவரே மூடியைப் பிடுங்கினார். உள்ளே ஒரு சின்னக் கிண்ணத்தில் பால். வாயைத் துணியால் கட்டியிருந்தது. பக்கத்தில் திரிபோல முறுக்கிய ஒரு கந்தல்.

"தெனம் மூணு மணி காபிய வேணாம்னுட்டு, பாலாவே குடு அக்கான்னு வாங்கி வெச்சிக்கிறா. நான்தான் குடுக்கறேன்" என்றாள் பின்னால் வந்த இந்திராணி.

"பாலு யாருக்கு?" மயில்வாகனம் விடுவதாக இல்லை.

"வந்து பாரு" என்று வடிவு நடந்தாள். பாதித் தெரு கூடவே போயிற்று. அவளுடைய ஒற்றை அறையில், முறத்தில் விரித்த பழம்புடவைக்குள் மூன்று பூனைக்குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன.

"ஆத்துல துணி தொவைச்சிக்கினு இருந்தேன். நீ மண்டபத்தாண்ட இதுங்கள வுட்டுட்டுப் போனத என் கண்ணால பார்த்தேன். யார்கிட்டனா சொன்னேனா? அக்காகிட்டகூட வாய தொறக்கல. பால்குடிய ஆத்தங்கரையில வுட்டவன்னு உன் பேரு கெடக்கூடாதுன்னு இருந்தேன். நீ என் பேர தெருவுல போட்டுட்ட." அவள் அழவில்லை. "நாளையிலேர்ந்து நான் வரலண்ணா."

கலியாணசுந்தரம் மயில்வாகனத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். கூட்டத்தில் யாரோ, "அப்போ தாரு எங்கதான் போச்சி?" என்று முணுமுணுத்தது வடிவின் காதிலும் விழுந்தது. வெட்கத்தில் வியர்த்துக்கொண்டு வீடு திரும்பிய மயில்வாகனத்துக்கும் மனசின் ஒரு மூலையில் அதே கேள்விதான் இருந்தது.

மறுநாள் காலை தனியாகத் தறியில் உட்கார்ந்தார். பக்கத்து இடம் காலி. கோர்வை ஓடாது. செய்ய ஒன்றுமில்லாமல் கால்களைக் குழிக்குள் ஆட்டிக்கொண்டிருந்தார். குதிகால் மெத்தென்று எதிலோ பட்டது. சீறல் கேட்டது, கணுக்காலில் நகம் விழுந்தது.

விளக்கை எடுத்துக் குனிந்தார். கோணியின் மேல் சிட்டு ஒருக்களித்துப் படுத்திருந்தது. அதன் வயிற்றோரமாக, பால் குடிக்கிற வரிசையில், ஆறு அரக்குத் தார்கள். ஒன்றை அது நக்கிக்கொண்டிருந்தது. மயில்வாகனம் கைநீட்டி ஒரு தாரை வெளியே வைத்தார். சிட்டு எழுந்து வந்து, இழைகூடக் கலையாமல் அதை நடுவில் கவ்வி, கொண்டுபோய் வயிற்றோடு சேர்த்துக்கொண்டது.

ஊரையே சலித்தவர் தன் கால் கிடந்த குழியை மட்டும் குனிந்து பார்க்கவில்லை. தன் இடத்தை யார் சந்தேகப்படுவார்கள்? அவர் அப்படியே குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டார். ஐயோ என்று வாய்விட்டே சொன்னார். இந்திராணி ஓடிவந்து எட்டிப் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே கலியாணசுந்தரம் வீட்டுப் பாவு தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை கோதிக்கொண்டிருந்தார்கள். கஞ்சி காய்வதற்குள் கையெடுக்க முடியாத வேலை. ஆக, யாரும் நகர முடியாது. மயில்வாகனம் அந்தப் பாவின் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்பு வரை நடந்து, நின்ற ஒவ்வொருவரிடமும் சொன்னார். "தார எடுத்தது எங்க வூட்டுப் பூனை. குட்டின்னு நெனச்சிக்கினு தூக்கிக்கினு போயி பக்கத்துல போட்டு வெச்சிருக்குது. அதோட குட்டிய ஆத்தங்கரையில வுட்டவன் நான்தான். வடிவு மேல தப்பே இல்ல." சிலர் சிரித்தார்கள். கலியாணசுந்தரம் மட்டும், "மொதல்ல அவகிட்ட போய்ச் சொல்லுய்யா" என்றார்.

வடிவின் வாசலில் நின்று அதையே திரும்பச் சொன்னார். "தெருவுலயும் சொல்லிட்டுத்தான்மா வரேன். வோணும்னா போய்க் கேட்டுப் பாரு."

"நான் எதுக்குப் போய்க் கேக்கணும்? நீ சொன்னா நான் நம்பறவ" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அடி வாங்கியவர் போலத் திரும்பினார்.

மத்தியானம் அவள் வந்தாள். மூடி போட்ட கூடையைத் தறிக்குழி ஓரமாக வைத்தாள்.

"தொறந்து பாருண்ணா."

மயில்வாகனம் இரண்டு கைகளையும் முழங்காலின் மேல் வைத்துக்கொண்டார். கூடைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய கத்தல் வந்தது. குழிக்குள்ளிருந்து சிட்டு ஒரே தாவலில் மேலே வந்து, மூக்கால் முட்டி மூடியைத் தள்ளியது. மூன்றையும் மாற்றி மாற்றி முகர்ந்தது, ஒன்றுக்குக் கன்னத்தில் ஓர் அறை கொடுத்தது, பிறகு மூன்றையும் நக்கி எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு இறங்கியது.

ஐந்து தார்கள் திரும்பக் கிடைத்தன. ஆறாவதைச் சிட்டு கொடுக்கவில்லை. நாலாவது குட்டியாக அது அங்கேயே கிடந்தது. "இருக்கட்டும் வுடு" என்றார் மயில்வாகனம். சாயக்காரர் மேலிருந்த சந்தேகத்தில் முன்பே ஒரு தாருக்கான நூலை அதிகமாக வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தார்.

வடிவு உட்கார்ந்து கரை நாடாவை எடுத்தாள். மிதிப்பலகையை மெதுவாகத்தான் மிதிக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் அவள் எழுந்து, பழக்கத்தில் முந்தானைக்குக் கை கொண்டுபோனாள். மயில்வாகனம் அதற்குள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். அவள் உதறாமலே, "வரேண்ணா" என்று படி இறங்கிப் போனாள்.