இருபத்திரண்டை வேண்டாம் என்ற நாள்

"உங்கள் மாற்ற விண்ணப்பம் கிடைத்தது. இணைத்திருக்கும் புள்ளிகளைப் பார்த்ததில் தெரிவுக் குழுவுக்குச் சில கேள்விகள் உண்டு. செப்டெம்பர் 26 காலை பதினொரு மணிக்குக் காணொளியில் உங்களுடன் பேச விரும்புகிறோம்."

செப்டெம்பர் 19 என்று திகதியிட்ட இந்த மின்னஞ்சல், வட இத்தாலியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அச்செடுத்து வைத்திருக்கிறேன். இதில் வருகிறவர்கள் எல்லாரும் உயிரோடு இருப்பதால் பெயர்களையும் ஆண்டையும் விட்டுவிடுகிறேன். நாளும் மாதமும் என் நாட்குறிப்பில் உள்ளபடியே.

"சில கேள்விகள்" என்று அவர்கள் மரியாதையாக எழுதியிருந்தார்கள். என் புள்ளிப் பட்டியலைப் பார்த்த எவருக்கும் ஒரே கேள்விதான் வரும்: இந்தப் பிள்ளை என்ன துணிவில் இங்கே விண்ணப்பித்தாள்?

இத்தாலியில் பல்கலைக்கழகப் புள்ளி முப்பதுக்குப் போடப்படும். பதினெட்டு எடுத்தால் சித்தி, அதாவது பாஸ். தெற்கே சிசிலித் தீவின் பலெர்மோவில் பொறியியல் படித்த இரண்டு ஆண்டுகளில் நான் ஒன்பது பாடங்கள் சித்தியடைந்திருந்தேன். அவற்றில் ஐந்து பதினெட்டு. ஆகக் கூடியது இருபத்தொன்று. அம்மாவோடு காலையில் வீடு துப்புரவாக்கப் போனேன், படிக்க நேரமில்லை என்று காரணம் சொல்லலாம். அது பாதி உண்மை. மற்றப் பாதி, அரைகுறையாகப் படித்துக்கொண்டு போய், தந்ததை வாங்கிக்கொண்டு வந்தேன் என்பது.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. வாய்மொழிப் பரீட்சை முடிந்ததும் பேராசிரியர் புள்ளியைச் சொல்லி, "ஏற்கிறீர்களா?" என்று கேட்பார். குறைவென்று நினைத்தால் மாணவர் வேண்டாம் என்று சொல்லலாம். மறுத்த புள்ளி எங்கேயும் பதியப்படாது. அடுத்த தவணையில் திரும்பத் தோற்றலாம். முதல் வாரத்திலேயே எனக்கு இது தெரியும். ஆனாலும் ஒன்பது தடவையும் "ஏற்கிறேன், நன்றி" என்றுதான் சொன்னேன்.

காரணம் எங்கள் வீடு. பலெர்மோவின் ஓரத்தில், பிரான்காச்சோவில் அந்த நாலாம் மாடி வீட்டுக்குள் யார் வந்தாலும், இவர்கள் தந்ததை மறுக்காத சனம் என்று உடனே தெரிந்துவிடும். அம்மா வேலை செய்த வீடுகளின் சின்னோராக்கள், அதாவது வீட்டு எசமானிகள், தந்த மூன்று கோப்பிக் கேத்தல்கள், கால் ஆடும் மேசை, பலெர்மோ வெயிலில் யாருமே போட முடியாத ஒரு மயிர்த்தோல் மேலங்கி. "தாற கையை நோகப்பண்ணக்கூடாது" என்பது அம்மாவின் சட்டம். தேவையில்லாததை ஞாயிறு பூசை முடிந்ததும் எங்களைப் போல இலங்கையின் மன்னாரிலிருந்து வந்த வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவோம். ஒரு நத்தாருக்கு நாங்கள் கைமாற்றிய பனெத்தோனே கேக் மூன்று வீடு சுற்றி, பெட்டி கசங்கி, எங்களிடமே திரும்பி வந்தது. அம்மா அதையும் இரண்டு கையாலும் வாங்கி நன்றி சொன்னார். இப்படி வளர்ந்த ஒருத்தி, படித்த ஒரு மனிதர் முகத்துக்கு நேரே நீட்டும் புள்ளியை வேண்டாம் என்பாளா?

என்னோடு படித்த ஒரு சிசிலிப் பெண்ணுக்கு இது விளங்கவே இல்லை. ஒருநாள் பரீட்சை முடிந்து சிரித்துக்கொண்டு வந்தாள்.

"இருபத்தாறு தந்தார். வேண்டாம் என்றுவிட்டேன்."

"பேராசிரியரிடமா?"

"பின்னே, பஸ் ஓட்டுநரிடமா?" என் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். "நீ என்ன, முத்திரை சேர்ப்பது போலப் பதினெட்டுச் சேர்க்கிறாயா?"

இரண்டாம் ஆண்டு மார்ச்சில்தான் அந்த வடக்குப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பைப் பார்த்தேன். நகரக் குடிநீர் வலையமைப்பு அங்கே தனிப் பாடநெறி. எங்கள் கட்டடத்துக்குத் தண்ணீர் ஒன்றுவிட்ட நாள் வரும். வராத நாட்களை நான் பதினைந்து வயதிலிருந்தே குறித்து வந்தேன். அந்தக் குழாய்களுக்குள் என்ன நடக்கிறது என்று படிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்குத் தெளிவான ஆசை ஒன்றும் இருக்கவில்லை. வேறு இடத்திலிருந்து மூன்றாம் ஆண்டுக்கு மாறி வருகிறவர்களுக்கு மூன்று இடங்கள். விண்ணப்பிக்க ஒரு நிபந்தனை: நீரியக்கவியலில் இருபத்தைந்துக்குக் குறையாத புள்ளி. அந்தப் பாடத்தை நான் அப்போது இன்னும் எழுதியிருக்கவில்லை.

மே 14 அன்று எங்கள் மாணவர் அலுவலகத்துக்குப் போய், பழைய ஒன்பதில் இரண்டையாவது இப்போது மறுக்க முடியுமா என்று கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த எழுத்தர் எழுந்து நின்றே பதில் சொன்னார்.

"சின்னோரினா, கல்யாணத்துக்கு விவாகரத்து உண்டு. பதிந்த புள்ளிக்குக் கிடையாது."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

யூலை 8, திங்கள், நீரியக்கவியல் வாய்மொழிப் பரீட்சை. மின்விசிறி சுற்றியும் அறை கொதித்தது. முதல் கேள்விக்கு நன்றாகச் சொன்னேன். வால்வைத் திடீரென மூடினால் குழாய்க்குள் அழுத்தம் எப்படி அலையாக ஓடும் என்பது இரண்டாவது கேள்வி. பாதியில் நின்றுவிட்டேன். பேராசிரியர் பேனாவைத் திறந்தார்.

"இருபத்திரண்டு. ஏற்கிறீர்களா?"

நான் அதுவரை கண்டிராத பெரிய புள்ளி. ஏற்றால் பத்தாவது பாடமும் முடிந்துவிடும், வடக்குக் கதவும் மூடிவிடும். மறுத்தால் விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன் செப்டெம்பரில் ஒரே ஒரு தவணை. பின் வாங்கில் இருந்த அந்தச் சிசிலித் தோழி இருமினாள்.

"இல்லை," என்றேன். "மன்னிக்க வேண்டும். நன்றி. வேண்டாம்."

"நாலு சொன்னீர்கள். எதை எழுத?"

"வேண்டாம் என்பதை."

"செப்டெம்பரில் இதைவிடக் குறையவும் கூடும். தெரியும்தானே?"

"தெரியும்."

அவர் பேனாவை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். வெளியே வந்து நெடுநேரம் படியில் இருந்தேன்.

வீட்டில் அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தினை பிள்ளை?"

"இருபத்திரண்டு."

"மாதாவே! கூடவெல்லோ கிடைச்சிருக்கு."

"நான் எடுக்கேல்லை அம்மா. வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

கத்தி நின்றது. "ஆருக்குச் சொன்னனி?"

"பேராசிரியருக்கு."

"முகத்துக்கு நேரையோ?"

"ஓம். இஞ்சை எல்லாரும் சொல்லுறவை அம்மா."

"எல்லாரும் சொல்லுவினம். அவை தங்கடை ஊரிலை இருந்து சொல்லினம்."

அப்பா மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகக் குசினியில் வேலை. கோடையில் அங்கே மூச்சுவிட நேரமில்லை. அன்று இடைவேளைக்கு வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டார். "பதினெட்டு எண்டா பாஸ். இருபத்திரண்டு எண்டா நல்ல பாஸ். பிடிச்ச மீனை ஆராவது திருப்பிக் கடலுக்கை விடுவினமோ?"

"சின்ன மீன் எண்டா விடத்தானே வேணும் அப்பா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "வாய்க்கு மட்டும் முப்பது குடுக்கலாம் இவளுக்கு."

ஓகஸ்ட் 3 அன்று என் நாட்குறிப்பில், துப்புரவாக்குவதில் என் பொறுப்பாக இருந்த வீட்டைப் பற்றி, "சின்னோரா கடற்கரை வீட்டுக்குப் போய்விட்டா. செப்டெம்பர் வரை எனக்கு வேலை இல்லை" என்று இருக்கிறது. இது பிழையான பதிவு. அம்மா அப்படிச் சொன்னார், நான் எழுதினேன். அந்த மாதம் முழுக்க, காலையில் எட்டு மணிக்கு மேசையில் இருந்து மத்தியானம் வரை படித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாடத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை படித்தேன். செப்டெம்பர் 2 அன்று தெருவில் கண்ட அந்தச் சின்னோரா, "உன் அம்மா என் யன்னல் கண்ணாடியை உன்னைவிட நன்றாகத் துடைக்கிறா" என்றார். அவர் எங்கேயும் போயிருக்கவில்லை. தன் வேலைகளை முடித்துக்கொண்டு அம்மாதான் என் பொறுப்பில் இருந்த அந்த வீட்டையும் துப்புரவாக்கியிருக்கிறார். பதிவை அழிக்காமல் பக்கத்தில் திருத்தம் எழுதினேன். அம்மாவிடம் கேட்டபோது, "வேலையை விட்டா வேறை ஆளை எடுத்துப்போடுவினம், அதுதான்" என்றார்.

செப்டெம்பர் 5. அதே அறை, அதே பேராசிரியர். முதல் கேள்வியே வால்வைப் பற்றியது.

"இருபத்தெட்டு. இந்தத் தடவை நாலும் சொல்லப் போகிறீர்களா?"

"நன்றி மட்டும்."

இந்த ஒற்றை இருபத்தெட்டையும் பழைய ஒன்பதையும் சேர்த்து அனுப்பியதற்குத்தான் அந்த மின்னஞ்சல் வந்தது.

எங்கள் கட்டடத்துக்குக் கீழே அலுமினிய யன்னல் செய்யும் ஒரு பட்டறை. அறுக்கும் இயந்திரம் போட்டால் நாலாம் மாடியில் பீங்கான் அதிரும். 26ஆம் திகதி பத்தரைக்கு அப்பா கீழே போய் முதலாளியிடம் நிலைமையைச் சொன்னார். யன்னலால் பார்த்தேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டு முதலாளியும் இரண்டு வேலைக்காரரும் தெருவோரம் வரிசையாக இருந்தார்கள். முதலாளி என்னை நோக்கி, ஆரம்பி என்று கையைக் காட்டினார். வேலை நாளில் நாற்பது நிமிடம் அவர்கள் அப்படி இருந்தார்கள்.

திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த பெண் பேராசிரியர்தான் கேட்டார்.

"ஒன்பது பாடங்களில் இருபத்தொன்றைத் தாண்டவில்லை. பத்தாவதில் இருபத்தெட்டு. நடுவில் என்ன நடந்தது?"

வேலை, குடும்பம், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வரிசையில் நின்ற நாட்கள் என்று ஓர் அழகான பதிலைப் பாடமாக்கி வைத்திருந்தேன். அது வாயில் வரவில்லை.

"ஒன்பது தடவையும் அரைகுறையாகப் படித்தேன். தந்ததை வாங்கினேன். மறுப்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன். பத்தாவது தடவை மறுத்தேன். மறுத்ததால் இரண்டு மாதம் ஒழுங்காகப் படிக்க வேண்டி வந்தது."

"அப்படியானால் அந்த ஒன்பதும் உங்களுக்குத் தெரியாதா?"

"பாதி தெரியும்."

ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். அந்த அம்மையார் சிரிக்கவில்லை. நான் பதினெட்டு வாங்கிய கணிதத்திலிருந்து ஒரு கணக்குத் தந்தார். பாதி வரை செய்தேன். பிறகு, இதற்கு மேல் தெரியாது, இந்த இடத்தில்தான் எப்போதும் நிற்கிறேன் என்றேன். "எங்கே நிற்கிறீர்கள் என்றாவது தெரிந்திருக்கிறது," என்று சொல்லி ஏதோ எழுதிக்கொண்டார்.

மடிக்கணினியை மூடியதும் குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா வந்தார். இவ்வளவு நாளும் சின்னோராக்களின் வீட்டில் கேட்டு வளர்த்த இத்தாலியன் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"பாதி தெரியும் எண்டு ஆராவது சொல்லுவினமோ விசரி? முழுக்கத் தெரியும் எண்டு சொன்னா என்ன, உள்ளுக்கை வந்து பார்க்கவே போயினம்?"

பிறகு மூன்று கேத்தலிலும் கோப்பி போட்டுக் கீழே கொண்டுபோனார். முதலாளி மேலே பார்த்து, கிடைத்ததா என்று கத்தினார். இன்னும் தெரியாது என்றேன். "அப்போ இன்னொரு நாள் வேண்டுமென்றாலும் நிறுத்துவோம்!" என்றுவிட்டு இயந்திரத்தைப் போட்டார்.

ஒக்டோபர் 2 அன்று பெறுபேறு வந்தது. பெயர்கள் இல்லை, விண்ணப்ப இலக்கங்கள் மட்டும். மூன்று இடத்துக்கு நான் நாலாவது.

அம்மா திரையைத் தொட்டு எண்ணினார். "மூண்டுக்கு அடுத்தது நாலு. கிட்டத்தானே வந்திருக்கிறாய்." அன்று அப்பா வேலைக்குப் போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். தோழி மட்டும், "அந்த இருபத்திரண்டை வாங்கியிருந்தால் இந்த நாலாம் இடமும் இல்லை, கணக்கைச் சரியாகப் பார்" என்று திட்டினாள். பலெர்மோவில் மூன்றாம் ஆண்டு வகுப்புகளுக்குப் போகத் தொடங்கினேன்.

ஒக்டோபர் 9, புதன், காலை பத்து இருபது. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையத்தின் முன்னால் பஸ்ஸுக்கு நிற்கும்போது வடக்கிலிருந்து ஓர் அலுவலகப் பெண் அழைத்தார். தெரிவானவர்களில் ஒருவர் தன் இடத்தை விட்டுவிட்டாராம்.

"அந்த இடத்தை நீங்கள்..."

"ஏற்கிறேன்."

"நாளை பன்னிரண்டு மணி வரை யோசிக்கலாம், சின்னோரினா."

"யோசித்துவிட்டேன். நன்றி."

அங்கே படித்து முடித்தேன். அங்கும் ஒரு பதினெட்டு வந்தது. அதை ஏற்றேன், ஏனென்றால் அந்தப் பாடத்தில் எனக்கு அதற்கு மேல் தெரியாது. இன்று பலெர்மோவில் குழாய்களோடுதான் வேலை. நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குப் பெரும்பாலும் நேரில் சொல்லிவிட்டேன். பட்டறை முதலாளிக்குப் பட்டமளிப்பன்று கேக் கொண்டுபோனேன். மறுத்து மறுத்துப் பிறகு வாங்கினார். அம்மாவுக்குச் சொன்னபோது, "எனக்கென்னத்துக்கு நன்றி, போய்ச் சாப்பிடு" என்றார்.

ஒருவருக்கு மட்டும் சொல்லவில்லை. அந்த இடத்தை விட்டவர் தெற்கே பாரி நகரைச் சேர்ந்த ஒரு மாணவர், தகப்பனுக்குச் சுகமில்லாததால் ஊரிலேயே நின்றுவிட்டார் என்று முதல் வாரத்தில் சிற்றுண்டிச்சாலையில் ஒருவர் சொன்னார். இல்லை, அவருக்கு வெளிநாட்டில் இதைவிட நல்ல இடம் கிடைத்தது என்று வேறொருவர் சொன்னார். அலுவலகத்தில் இரண்டு தடவை கேட்டேன், தனிப்பட்ட தகவல் என்று மறுத்தார்கள். திருத்திய பட்டியலில் இல்லாமல் போன இலக்கம் என்னிடம் உண்டு, ஆள் யாரென்று தெரியாது. அவர் யார், ஏன் விட்டார் என்பது இதை எழுதும் நாள் வரை உறுதிப்படுத்தப்படவில்லை.