கம்ப்யூட்டருக்கு நான் வைத்த பொட்டு

எண்பதுகளின் கடைசியில், நாமக்கல்லில், ஆயுத பூஜை விடுமுறை முடிந்து என் லாரி புக்கிங் ஆபீசைத் திறந்த முதல் நாள் காலையில் நடந்தது இது.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். கிளீனராக லாரி ஏறி, ஸ்டியரிங் பிடித்து, ஏழு லாரிக்கு முதலாளி ஆனவன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். எங்கள் வீதியில் முதன்முதலில் கம்ப்யூட்டர் வாங்கியவனும் நான்தான்.

அதை இயக்கத் தெரிந்தது ஒரே ஒரு பெண்ணுக்கு. எருமப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாள். புருஷனைப் பறிகொடுத்தபின் டைப் படித்து, சேலத்தில் கம்ப்யூட்டர் பழகியவள். இரண்டு பிள்ளைகளுக்கு அவள் சம்பளம்தான் சோறு. லோடு சீட்டு அடிக்கும் புரோகிராம் ஃபிளாப்பி என்ற சதுரத் தட்டில் இருக்கும்; அதைச் செருகினால்தான் வேலை ஓடும்.

அன்று செருகினாள். உள்ளே கரகரவென்று சத்தம். திரையில் ஏதோ ஓர் இங்கிலீஷ் வரி, அவ்வளவுதான். அணைத்துப் போட்டாள், மறுபடியும் அதே. சீட்டுக்காகப் பத்து டிரைவர்கள் காத்து நின்றார்கள்.

"மொதலாளி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சீங்களே, இதுக்கு வெக்கலீங்களா?" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது.

"ஏனுங்கண்ணா, பூசையன்னிக்கு இந்தத் தட்டுல..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"பேசாத அம்மிணி! உன் கை பட்டு எதுதான் வெளங்குச்சு?"

புருஷன் இல்லாத பெண்ணைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா அது? சிரிப்பு சட்டென்று நின்றது. அவள் டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். நான் கூப்பிடவில்லை.

மத்தியானம் சேலத்திலிருந்து கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தார். தட்டை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் உறையில் நீளமாக ஒரு திறப்பு. உள்ளே மஞ்சளாக ஈஷியிருந்தது.

"இதுல சந்தனம் வெச்சது யாருங்க?"

நான்தான். லாரிக்கும் ஸ்பேனருக்கும் பொட்டு வைத்த கையோடு தட்டுக்கும் வைத்திருந்தேன். மேலே இருந்ததை அவள் துடைத்திருக்கிறாள். உள்ளேயும் இறங்கியிருக்கும் என்பதைத்தான் காலையில் சொல்ல வந்திருக்கிறாள்.

மெக்கானிக் மெஷினைத் துடைத்துவிட்டு, நகல் இருக்கிறதா என்று கேட்டார். மேசை டிராயரில், காகிதத்தில் சுற்றிய இன்னொரு தட்டு இருந்தது. யாரும் சொல்லாமல் அவளே எடுத்து வைத்த நகல். செருகியதும் புரோகிராம் ஓடியது. என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் விடியற்காலையில் எருமப்பட்டி போனேன். வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"வேலைக்கு வாரேனுங்கண்ணா. பிள்ளைங்க இருக்குது, வராம என்ன பண்ணுவேன்? ஆனா பத்துப் பேரு முன்னால சொன்னதைப் பத்துப் பேரு முன்னாலயே திருப்பி எடுத்துக்குங்க."

ஆபீசுக்குத் திரும்பி, டிரைவர்கள் வந்து சேரும்வரை காத்திருந்தேன். "சந்தனம் வெச்சுக் கெடுத்தவன் நானுங்க. நேத்து அம்மிணியைச் சொன்னது பெருந்தப்பு" என்றேன். ஒருவனும் சிரிக்கவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மொத வண்டி எதுங்க?" என்று கேட்டாள்.

அதன்பிறகு பல வருடம் என் ஆபீசில் இருந்தாள். அந்த வார்த்தையை மறந்துவிட்டாளா என்று ஒரு தடவையாவது கேட்கும் தைரியம் மட்டும், எதற்கும் அஞ்சாத எனக்கு, கடைசிவரை வரவில்லை.