கஜேந்திரன் நடத்தாத பாடம்

பேராதனையில் பட்டம் முடித்துக்கொண்டு கொட்டகலை ரயில் நிலையத்தில் நான் இறங்கியபோது நல்ல மழை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் முதல் பட்டதாரி நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒருபோதும் கூச்சம் வந்ததில்லை. வெளியே நின்ற ஓட்டோவில் ஏறப் போனால், பின்சீட்டில் பதினாறு வயதுப் பிள்ளையொன்று மடியில் கொப்பி வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

"தள்ளி ஒக்காரு பிரியந்தி, ஹயர் வந்திருக்கு" என்றார் ஓட்டுநர். என் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, "தம்பி கெம்பஸா?" என்று கேட்டார்.

"முடிச்சிட்டேங்க."

"கணக்கு வருமா? இந்த இருபடிச் சமன்பாடு எங்க ரெண்டு பேரையும் போட்டு அடிக்குது."

ஏற்றத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, வண்டியின் மழைத் திரைக்குள் உட்கார்ந்து அப்பா கஜேந்திரனும் மகளும் என்னிடம் அந்தக் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இறங்கும்போது கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார் கஜேந்திரன்.

அதன்பிறகு வாரத்தில் சில நாட்கள் ஓட்டோ ஸ்டாண்டுக்குப் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். கதை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தது. பத்தாம் தரத்தில் தவணைப் பரீட்சையின்போது, பிரியந்தி பார்த்து எழுதினாள் என்று விஞ்ஞான ஆசிரியர் நல்லமுத்து அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார். கஜேந்திரன் ஆசிரியர் அறைக்குள் புகுந்து மேசையைத் தட்டியிருக்கிறார். "ஒங்க பள்ளிக்கூடமே வேணாம். எம்புள்ளைக்கு நானே படிச்சிக் குடுப்பேன்" என்று சொல்லி அன்றே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதிபர் இரண்டு தடவை ஆள் அனுப்பியும் அவர் அசையவில்லை.

அன்றிலிருந்து வண்டிதான் வகுப்பு. ஓ.எல் பரீட்சையைப் பிரைவேட்டாக எழுதுவதென்று ஏற்பாடு. மனைவி நாகலெட்சுமி தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனால் மாலையில்தான் திரும்புவார். கஜேந்திரன் காலையில் ஊரார் பிள்ளைகளை அதே பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவார். வாசல் வரைக்கும் போக மாட்டார், அதற்கு முந்திய வளைவிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவந்து தன் பிள்ளைக்கு வரலாறு நடத்துவார். அதை நன்றாகவே நடத்துவார். ஆனால் பிள்ளை ஒரு கேள்விக்கு முழித்தால் ஹேண்டிலில் குத்துவார். ஒருநாள் புத்தகத்தை ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் எறிந்துவிட்டு, பிறகு தானே இறங்கி எடுத்துத் துடைத்துக்கொண்டு நின்றார்.

எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஸுஹைர் நானா விட மாட்டார். "பிரின்சிபால் சேர், இன்னைக்கி அசெம்பிளி இல்லையா?"

"இருக்கு நானா. நீங்க லேட்டு, முட்டி போடுங்க."

"போடலாம், எழும்பத்தான் ஏலாது!"

பிரியந்தியும் சிரிப்பாள்.

ஒருநாள் கணக்கு முடிந்ததும் அவள் என்னைக் கேட்டாள். "அண்ணா, நர்சிங்குக்கு விஞ்ஞானம் வேணுமா?"

"வேணுமே. ஏ.எல்ல விஞ்ஞானப் பிரிவு படிக்கணும். அதுக்கு ஓ.எல்ல விஞ்ஞானம் பாஸ் பண்ணியிருக்கணும்."

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். "பிரைவேட்டா எழுதுறவுங்களுக்கு விஞ்ஞானம் தேவையில்லன்னு சொன்னீங்களே?"

கஜேந்திரன் வண்டிக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். "எழுதாமலும் இருக்கலாம்னுதான் சொன்னேன்."

"தேவையில்லன்னு சொன்னீங்கப்பா."

அவள் கொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கி, வீட்டுப் பக்கம் நடந்துவிட்டாள். அவர் கூப்பிடவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு அந்தப் பாடம் வராது தம்பி. இங்க அதச் சொல்லிக் குடுக்க நல்லமுத்து சேரை விட்டா ஆளில்ல. அதனால மறைச்சிட்டேன்."

"அவருதான் புள்ளைய அநியாயமா..."

"அநியாயமில்ல." ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் சத்தம் போட்டுட்டு வூட்டுக்கு வந்ததுமே புள்ள அழுதுகிட்டு சொல்லிட்டா, பாத்துத்தான் எழுதினேன்னு."

"அப்பவே திரும்பக் கொண்டுபோய் விட்டிருக்கலாமே?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு? அத்தன டீச்சர்மாருக்கு முன்னால மேசையத் தட்டினவன் நான். புள்ளைக்காகத்தான் நிப்பாட்டினேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறேன். எனக்காகத் தம்பி. என் மூஞ்சிக்காக."

ஞாயிற்றுக்கிழமை நல்லமுத்து சேரின் டியூசன் வகுப்புக்குப் போவதென்று முடிவானது. "படிச்ச ஆள் பக்கத்துல நின்னா நல்லது" என்று கஜேந்திரன் என்னையும் அழைத்தார். பிரியந்தி தலைவாரிப் பூவும் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அறை நிறையப் பிள்ளைகள். பாதிப் பேர் அவளோடு படித்தவர்கள்.

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த சேர் சோக்கைக் கீழே வைக்கவில்லை. "என்ன கஜேந்திரன், இங்கயும் மேசை இருக்கு. தட்டணுமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். கஜேந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் கைகட்டி நின்றார். வரும் வழியெல்லாம் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பார்போல. ஒரே மூச்சில் வந்தது.

"மன்னிச்சிக்கங்க சேர். எம்புள்ள பாத்துத்தான் எழுதியிருக்கா. எனக்கு அப்பவே தெரியும்."

சிரிப்பு நின்றது. எல்லாக் கண்களும் பிரியந்தியின் மேல் இருந்தன. அவள் முகம் எப்படி மாறியது என்று நான் பார்க்கவில்லை. என்னால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. அவள் எங்களைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள்.

நல்லமுத்து சேர் வாசலுக்கு வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "இத என்னய வெளிய கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே. நான்தான் ஒரு தடவ வெளிய நிப்பாட்டினேன்னா, நீங்களுமா?"

கஜேந்திரனுக்கு அப்போதுதான் விளங்கியது. செருப்பைத் தேடினார். காலுக்கு நேரே கிடந்தும் தெரியவில்லை.

வண்டியில் அவள் முகத்தைத் திருப்பியே உட்கார்ந்திருந்தாள். "பிரியந்தி" என்று ஒரு தடவை கூப்பிட்டார். அவள் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க எனக்காகப் பேச வேணாம்ப்பா. அன்னைக்கும் நான் கேக்கல, இன்னைக்கும் கேக்கல."

அடுத்த ஞாயிறு அவள் தனியாகவே பஸ் ஏறி அதே வகுப்புக்குப் போனாள். சேர் ஒன்றும் கேட்காமல் முன்வரிசையில் இடம் கொடுத்தாராம்.

விண்ணப்பம் முன்பே போய்விட்டதால் இந்த முறை அவள் விஞ்ஞானம் இல்லாமல்தான் ஓ.எல் எழுதினாள். எழுதிய பாடங்கள் எல்லாவற்றிலும் சித்தியடைந்தாள். அடுத்த வருடம் விஞ்ஞானம் எழுதுகிறாள். கஜேந்திரன் இப்போதும் கொட்டகலையில் ஓட்டோ ஓட்டுகிறார். மகளுக்குப் பாடம் நடத்துவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஸ்டாண்டில் இருந்தாலும், அவளாகக் கேட்காமல் அவர் வண்டியை எடுப்பதில்லை.