கோச்சுக்கும் வாப்பாவுக்கும் நடுவே

அமெரிக்காவில் எங்கள் கல்லூரி ஓட்டக்காரிகள் காலையில் பல் துலக்குமுன் கைபேசியில் ஒரு கேள்விக்குப் பதில் போட வேண்டும்: வலி பத்துக்கு எத்தனை? விடுமுறைக்குக் கண்டிக்கு வந்தும் அது என்னை விடவில்லை. இடது கால் எலும்பில் கீறல் விழுந்து ஏழு மாதமாகியும் வலி ஆறுக்குக் கீழே இறங்கவில்லை. நான் இரண்டு என்றே போடுகிறேன். நம் ஊரில் வலியை யாரும் எண்ணிக் கேட்பதில்லை. முகத்தைப் பார்த்தே ஏசிவிடுவார்கள்.

என்னைத் தேடிப் பிடித்துக் கூட்டிப்போனபோது கல்லூரியின் ஓட்டப் பயிற்சியாளர், எங்கள் கோச், "நாங்கள் ஒரு குடும்பம்" என்றார். நானும் நம்பித் தொலைத்தேன். கண்டியில் எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. சேர் வீட்டுக்கு எந்த நேரமும் போகலாம். தேத்தண்ணீர் வரும், கூடவே ஏச்சும் வரும். அந்த நினைப்பில், கட்டுப்போட்ட காலும் கையில் கேக் பெட்டியுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கோச் வீட்டு மணியை அடித்தேன். அவர் கதவைப் பாதி திறந்து, "அப்பொயின்ட்மென்ட் ஏதும் இருந்ததா?" என்றார். கேக்கை வாங்கிக்கொண்டார், உள்ளே கூப்பிடவில்லை. அந்த வாரத்திலிருந்து போட்டிக்குப் போகிறவர்களின் பட்டியலில் என் பெயர் இல்லை. யாரும் கோபிக்கவில்லை, சும்மா என்னைக் கடந்து போனார்கள். வெளிநாடு போகப் பையைக் கட்டும் தங்கைகள் இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அதே கோச் கண்டிக்குப் பக்கத்தில் அலவத்துகொடவில் ஸஃப்னா என்ற ஓட்டக்காரியைக் கண்டுபிடித்திருக்கிறார். அவள் வீட்டாரோடு வீடியோவில் பேசும்போது நான் பக்கத்திலிருந்து மொழிபெயர்க்க வேண்டும். அடுத்த வருடத்துக்கான என் உதவித்தொகைக் கடிதம் இன்னும் வரவில்லை. "இவளைக் கொண்டுவா, உன் விஷயத்தைப் பேசலாம்" என்று சொல்லியிருந்தார். கல்லூரி டீசேர்ட்டைப் போட்டுக்கொண்டு, பயத்தோடுதான் அவள் வீட்டுக்குப் போனேன்.

ஸஃப்னாவின் உம்மா தட்டில் இனிப்பாக வட்டிலாப்பம் வைத்தார். சாப்பாடு, உடுப்பு, தொழுகை எல்லாவற்றுக்கும் நான் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவளுடைய வாப்பா அதில் ஒன்றையும் கேட்கவில்லை.

"மகள், அவர்ட்ட ஒண்டு கேளுங்க. எங்கட புள்ளைக்குக் கால் ஒடஞ்சா என்ன செய்வாங்க?"

கேட்டேன். கோச் திரையில் பளிச்சென்று சிரித்தார். "கைவிடவே மாட்டோம். உன்னையே உதாரணமாகச் சொல்."

நான் நொண்டிக்கொண்டு படியேறியதை ஸஃப்னா கவனித்திருக்கிறாள். ஓடுகிறவள் கண்ணுக்கு அது தப்புமா?

"எந்தக் கால் அக்கா?" என்றாள் மெதுவாக.

"இடது," என்றேன். பிறகு வாப்பாவைப் பார்த்தேன். "கைவிட மாட்டாங்கன்னு சொல்றாரு அங்கிள். என்னைக் கைவிட்டுட்டாங்க. ஏழு மாசமா ஒரு போட்டிக்கும் கூட்டிப் போகல. அடுத்த வருஷம் அங்க இருப்பேனான்னே தெரியல."

"இவ்வளவு நீளமாக என்ன சொன்னாய்?" என்றார் கோச்.

"நீங்கள் சொன்னபடி, என் கதையை."

அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

வாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொறகு ஏன் மகள் இன்னும் அவங்கட டீசேர்ட்ட உடுத்திருக்கிறீங்க?"

என் கடிதம் இன்னும் திரையில் இருக்கும் கோச்சின் கையில்தான்; அழைப்பைத் துண்டிக்க எனக்குக் கை வரவில்லை. அந்தக் கதிரையை விட்டு எழவும் முடியவில்லை.